மூவர் தோளில் இருபத்தொரு முறை

இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட ஏற்பாடு, மூன்று செவிலியர். காலை, மாலை, இரவு என நாளொன்றுக்கு 3 பணிமுறைகள், வாரத்துக்கு 21. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு தந்தால், மூவரும் சேர்ந்து நிறைவேற்றக்கூடியவை 18. எஞ்சும் மூன்றை யார் பார்ப்பது? ஒருவருக்கும் காய்ச்சல் வராத, ஒருவர் வீட்டிலும் நல்லது கெட்டது நிகழாத வாரத்தின் கணக்கு இது. நடைமுறையில் மாலைப் பணிக்கு வந்தவரே இரவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு விடியலில் வீடு திரும்புகிறார். அல்லது ஓய்வு நாள் ஓசையின்றிக் கழிந்துபோகிறது. மூவரில் ஒருவரை மாற்றுப்பணி என்று வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால் மற்ற இருவர் நிலை என்ன என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மருத்துவப் பணியாளரின் சோர்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களுடைய மன உறுதியைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். பொறுமை வேண்டும், புன்னகை வேண்டும், தொண்டுள்ளம் வேண்டும் என்று அறிவுரை சொல்கிறோம். யோகாசன வகுப்பும் மனநல ஆலோசனையும் ஏற்பாடு செய்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். நம் கருத்து வேறு. நோய் அவர்கள் உள்ளத்தில் இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் பணிப்பட்டியலில் இருக்கிறது.

தென்காசி இதற்குத் தெளிவான சான்று. 2019 நவம்பர் 22 அன்று நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்நிலத்துக்கு ஆண்டில் இருமுறை மக்கள் வெள்ளம் பெருகுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட வருவோரில் பாறையில் வழுக்கி எலும்பு முறிந்தவரும், நெரிசலில் மயங்கியவரும், கண்ட இடத்தில் உண்டு வயிறு கெட்டவரும் இருப்பார்கள். இவர்கள் சென்று சேரும் இடம் அருகிலுள்ள அரசு மருத்துவமனையே. வரப்போகும் கூட்டம் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அருவிக்கரையில் கூடுதல் காவலர் நிறுத்தப்படுகின்றனர். சாரல் திருவிழாவுக்கு மேடை போடப்படுகிறது. மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எண்ணிக்கைதான். அருவியில் நீர் கூடுவது அரசுக்குத் தெரிகிறது. வார்டில் ஆள் கூடுவது தெரியவில்லை.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் தென்காசி இடம்பெறவில்லை. கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் அளவுக்குப் பயிற்சி மருத்துவரும் பட்டமேற்படிப்பு மாணவரும் கல்லூரி இல்லாத மருத்துவமனையில் இல்லை. இரவுச் சுமையின் பெரும்பகுதி நிலையான மருத்துவர் சிலரின்மீதே இறங்குகிறது. கடினமான நோயாளியை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாளையங்கோட்டைக்கு அனுப்புவதா, இங்கேயே பார்ப்பதா என்ற முடிவைத் தூக்கமில்லாத ஒருவர் நள்ளிரவில் எடுக்க வேண்டியிருக்கிறது.

விதிகள் இல்லாமலில்லை. பயிற்சி உறைவிட மருத்துவருக்குத் தொடர்பணி 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992லேயே ஆணையிட்டது. 32 ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், கொல்கத்தாவில் நெடுநேரப் பணிக்கிடையே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்த இளம் மருத்துவர் கொல்லப்பட்டபோதுதான் அந்த ஆணை காகிதத்திலேயே உறங்கியது நாட்டுக்குத் தெரிந்தது. செவிலியருக்கும் இதே கதை. பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூவருக்கு ஒருவர், அதற்குமேல் விடுப்புக்காக 30 விழுக்காடு கூடுதல் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நோயாளியும் மருத்துவரும் மருந்தும் போலவே அருகிருந்து பார்ப்பவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்று என்று வள்ளுவர் வகுத்திருக்கிறார். அந்த நான்காவது கூற்றைத்தான் நம் நிதிநிலை அறிக்கைகள் எளிதில் மறக்கின்றன.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம் தரப்பட்டது. இரண்டாண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையும் தரப்பட்டது. 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் கூடி அதை நினைவூட்ட வேண்டியதாயிற்று. ஊதியம் பின்னர் உயர்ந்தது. நிரந்தரத்துக்கான காத்திருப்போ பலருக்குத் தொடர்ந்தது. நாளை இந்த வேலை இருக்குமா என்று அறியாதவரிடம் இன்றைய இரவுக்கு உற்சாகத்தைக் கேட்பது முறையன்று.

இன்னொரு சுமையும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியைப் பார்த்து வந்தபின் அதே விவரத்தைப் பதிவேட்டிலும், கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி இணையதளத்திலும், மேலதிகாரி கேட்கும் படிவத்திலும் எழுதுகிறார். குற்றாலமலை அடிவாரச் சிற்றூர்களில் வீடுவீடாக நடந்தவர், மாலையில் கணினி முன் அமர்ந்து இணைய இணைப்புக்காகக் காத்திருக்கிறார். கணினிப் பதிவுக்குத் தனி ஆள் வேண்டும் என்பது அவர்களின் பழைய கோரிக்கை. பெரும் செலவும் இல்லாதது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தனிமனித நோயாகக் கொள்ளாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்றே வகைப்படுத்தியது. 2017இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மருத்துவர்களைக் குறித்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தனிமனிதருக்குத் தரும் பயிற்சியைவிடப் பணிநேரம், பணிச்சுமை போன்ற அமைப்பு மாற்றங்களே கூடுதல் பயன் தந்தன. மாற வேண்டியது நிறுவனம் என்பதற்கு இனியும் சான்று தேட வேண்டியதில்லை.

பணம் எங்கே என்று கேட்கப்படும். நியாயமான கேள்விதான். களைத்த கை தவறான மருந்தளவை ஏற்றினால் ஏற்படும் இழப்பு எந்தத் தணிக்கையிலும் வராது. அதனாலேயே அது செலவில்லை என்று எண்ணுகிறோம்.

செய்ய வேண்டியதைத் தொடக்கக் கணக்கே சொல்கிறது. வாரத்துக்கு 21 பணிமுறைகளுக்கு, ஆளுக்கு ஆறு என்றால், மூன்றரைப் பேர். விடுப்புக்கான 30 விழுக்காட்டையும் கூட்டினால் நாலரைக்கு மேல். ஆகவே 24 மணி நேர நிலையம் ஒன்றுக்கு ஐந்து செவிலியர் வேண்டும். ஒரு நிலையத்தை வெறுமையாக்கி மற்றொன்றை நிரப்பும் மாற்றுப்பணியை நிறுத்தி, குற்றாலச் சாரலுக்கும் ஐயப்ப பக்தர் வருகைக்கும் தனிப் பணியிடங்களை ஆணையிலேயே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையின் மாதப் பணிப்பட்டியலும், எத்தனை இரட்டைப்பணி, எத்தனை ஓய்வு மறுப்பு என்ற குறிப்போடு மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வர வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் தென்காசி மாவட்டத்தையே முதல் சோதனைக்களமாக அறிவிக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.