கோல் விழும் பக்கம்

கேனான் ஆர்1 கேமரா வந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியோடு வருகின்றன. ‘ஆக்‌ஷன் ப்ரையாரிட்டி’ போட்டு எடுத்த கால்பந்துப் படத்தை, எடுத்தவருடைய படம் என்று ஏற்கலாமா? இனியும் நழுவ முடியாது. ஏற்கலாம் என்பதே இந்த இதழின் முடிவு.

2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட இந்த பாடி, வீரர்களின் உடலசைவையும் பந்தையும் சேர்த்துப் பார்த்து, உதைக்கப்போகிறவரை ஊகித்து ஃபோகஸை அவரிடம் கொண்டுபோகிறது. அதற்குத் தெரிந்த ஆட்டங்கள் கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால் ஆகிய மூன்றுதான். (கபடி தெரியாது. தெரிந்திருந்தால் நம் பக்கம் இன்னும் நாலு பாடி விற்றிருக்கும்.) ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய 20 ஃப்ரேம்களையும் பிடித்துவைக்கிறது, விநாடிக்கு 40 என்ற கணக்கில் அரை விநாடி. பந்து நெற்றியில் பட்டு நசுங்கும் அந்த ஒரு ஃப்ரேமை ஆயுள் முழுக்கத் தவறவிட்டவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மோட்டார் டிரைவ் வந்தபோதும் ஆட்டோஃபோகஸ் வந்தபோதும் இதே முணுமுணுப்பு இருந்தது. இன்று யாரும் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போவதில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்த வசதி பந்தின் பின்னாலேயே ஓடும். கோல் விழுந்த மறுகணம் முழங்காலில் சரியும் கீப்பரையும், தலையில் கைவைத்து நிற்கும் டிஃபெண்டரையும் அது உங்களுக்காகத் தேடித் தராது. ஒரு பட்டனில் ஏற்றிவைத்து, தேவைப்படும்போது அணையுங்கள். கோல் விழுந்ததும் பின்திரையைக் குனிந்து பார்க்கும் வழக்கத்தையும் அதோடு சேர்த்து அணைத்துவிடுவது நல்லது.

ஃபோகஸும் நேரமும் கேமராவின் பொறுப்பாகிவிட்டால் நம் கையில் மிஞ்சுவது என்ன? உட்காரும் இடம். 2018 உலகக் கோப்பை அரையிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராக 109-ஆம் நிமிடத்தில் மான்ட்சூகிச் கோல் போட்டதும், குரோஷிய வீரர்கள் கொண்டாட்டத்தோடு வந்து விழுந்தது ஏஎஃப்பி படக்காரர் யூரி கோர்தெஸ் மேல். அடியில் கிடந்தபடியே அவர் எடுத்த படங்கள் உலகம் சுற்றின. அந்தப் படங்களை அவருக்குத் தந்தது எந்த மெனுவும் இல்லை, அவர் உட்கார்ந்திருந்த இடம்.

நம் ஊரில் அந்த இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பாஸ் அச்சடிப்பவர். அவர் ஒருநாளும் வ்யூஃபைண்டருக்குள் பார்த்தவர் இல்லை. ஓடுபாதை சுற்றியோடும் ஸ்டேடியத்தில், எட்டு லேனுக்கும் வெளியே நம்மை உட்காரச் சொல்கிறார்கள். லேன்கள் மட்டுமே கிட்டத்தட்ட 10 மீட்டர்; கோல் கோட்டுக்குப் பின்னால் வளைவின் அரைவட்டம் தனி. குந்தி உட்கார்ந்தால் விளம்பரப் பலகை மறைக்கிறது. எழுந்தால் பின்னணி முழுக்கக் காலி நாற்காலி, கூடவே ‘உட்காருப்பா’ என்று ஒரு விசில். எதிர்ப்பக்க கோல், நம் பக்கக் கோல் கோட்டிலிருந்தே 105 மீட்டர். 400 எம்எம்மில் அந்த 105 மீட்டரிலேயே ஃப்ரேமின் அகலம் சுமார் ஒன்பதரை மீட்டர். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர். ஆள் எவ்வளவு சிறிதாக விழுவார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பாடி அங்கே என்ன செய்யும்?

ஓர் இரவுப் போட்டியில் எனக்கு நடந்தது இது. இடைவேளையில் பக்கம் மாற அனுமதி கேட்டேன். ‘ப்ரோட்டோகால் சார்’ என்றார் அட்டை தொங்கவிட்ட இளைஞர். இரண்டாம் பாதியின் இரண்டு கோல்களும் எதிர்ப்பக்கம் விழுந்தன. கொண்டாட்டம் கார்னர் கொடிக்கு ஓடியது. அங்கே உட்கார்ந்திருந்தவர் கிளப்பின் சொந்தப் படக்காரர் ஒருவர்தான். மறுநாள் எங்கள் பத்திரிகையிலேயே அவர் படம், ‘நன்றி’ போட்டு வந்தது. இலவசமாக வந்த படம் இருக்கும்போது எனக்கு எதற்குச் சன்மானம் என்று கணக்குப் பிரிவு கேட்டது. நியாயமான கேள்விதான்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 2010 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் கிளப், பத்திரிகைப் படக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, ஒரே ஏஜென்சி வழியாகத்தான் படம் தருவோம் என்றது. அங்கே ஆட வந்த பிளிமத் அணியின் ஊர் நாளிதழ், அந்தப் போட்டிக்குப் படத்துக்குப் பதில் கார்ட்டூன் வரைந்து வெளியிட்டது. அவர்களுக்கு அந்த ரோஷம் இருந்தது. நாமோ, அவர்கள் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, கொடுத்த படத்தை வாங்கிப் போடுகிறோம்.

அடுத்த சீசன் பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தக் கோலுக்குப் பின்னால் இடம் வேண்டும், இடைவேளையில் மாற அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கி, நகலை நமக்கு அனுப்புங்கள். வந்த வரிசையிலேயே வெளியிடுகிறோம்.