ஊற்றுக்கு வேலியில்லை

சுன்னாகத்தைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு எம்மவரிடம் எக்காலத்தும் சொற்பஞ்சம் இருந்ததில்லை. அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) வாழ்ந்து தமிழ் வளர்த்த ஊர். வலிகாமத்துத் தோட்டங்களின் விளைச்சலெல்லாம் வந்து குவியும் பெருஞ் சந்தையைக் கொண்ட ஊர். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியிலே, பட்டினமென்றும் கிராமமென்றும் துணிந்து சொல்ல முடியாதபடி வளர்ந்து நிற்கும் சிற்றூர். திருவிழாவா, வாசிகசாலை ஆண்டுவிழாவா, பழைய மாணவர் ஒன்றுகூடலா, எதற்கும் ஒரு மலர் வெளியிட்டு இப்பெருமைகளை ஒப்புவித்து மகிழ்கின்றோம். அம்மலர்களிலே இவ்வூர்த் தண்ணீருக்கு நேர்ந்த கதியைப் பற்றி ஒரு பக்கம் கிடைப்பது அரிது.

நேர்ந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். சுன்னாகத்து மின்சார நிலைய வளவில் இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்றின் கழிவெண்ணெய் மண்ணுக்குள் இறங்கியது. 2014ஆம் ஆண்டளவில் சுற்றுவட்டாரக் கிணற்று நீரிலே எண்ணெய் மணத்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையார் சோதித்த கிணறுகளுட் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவை மீறியிருந்தன. 2015இன் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தனர். மல்லாகம் நீதிமன்றம் இயந்திரங்களை நிறுத்தக் கட்டளையிட்டது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ அஞ்சத்தக்க மாசு காணப்படவில்லை என்றது. ஒரு கந்தோரில் நஞ்சாக இருந்த நீர் மறு கந்தோரில் நல்ல நீராகிவிட்ட இவ்வதிசயத்தைப் புராணங்களிலும் நாம் கண்டதில்லை!

அந்நாட்களில் எமது கனவான்கள் செய்ததென்ன? வசதி படைத்தவர் போத்தல் தண்ணீர் வாங்கினர். வடிகட்டும் கருவி பூட்டினர். தம் வீட்டுக் கிணறு தப்பியதென்று அறிந்தவர் வாய்திறவாதிருந்தனர், காணி விலை விழுந்துவிடுமே என்ற அச்சத்தினால். நாட்கூலிக்காரரின் வீட்டுப் பெண்களே பவுசர் வரும் நேரம் பார்த்து, தெருவோரத்துத் தாங்கியடியிலே குடத்தோடு காத்து நின்றனர்.

குடத்தோடு காத்து நிற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதியதா? பிறர் அள்ளி ஊற்றினாலன்றித் தாமாக ஒரு வாளி நீர் அள்ளும் உரிமையில்லாமல், ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றடி ஓரத்தில் நின்ற காலம் எவருக்கும் மறந்துபோகவில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்த பின்னரும் கிணற்றடிகள் இலகுவில் திறந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, தீண்டாமைக்கெதிராகப் பொலிஸாரின் குண்டாந்தடிகளையும் மீறி யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் எங்கிருந்து புறப்பட்டது? இதே சுன்னாகத்திலிருந்து! புலவரை நினைவு கூரும் நாவுகள் அந்த ஊர்வலத்தில் அடிபட்டவர்களை நினைவு கூரத் தயங்குவது தற்செயலன்று. கிணறு என்பது உறுதியில் எழுதி வேலிக்குள் பூட்டிவைக்கும் பொருள் என்ற பழைய எண்ணமே அன்று மனிதனைத் துரத்தியது. இன்று அதுவே அயலவன் கிணற்றில் எண்ணெய் மிதந்தபோது, எனக்கென்ன என்று கதவைச் சாத்தியது.

நிலத்தின் கீழே கதை வேறு. வலிகாமத்து மண்ணின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு ஒன்றேனும் இக்குடாநாட்டில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் மாரி மழை அக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கோடை முழுவதும் நாம் குடிப்பதும் இறைப்பதும் அதையே. சுன்னாகத்தின் பெயரால் வழங்கும் இந்நீர்ப்படுகை ஊரெல்லை கடந்து பரந்து கிடப்பது. ஊற்றுக்கண்ணுக்கு வேலியும் தெரியாது, சாதியும் தெரியாது. ஒரு வளவில் ஊற்றிய எண்ணெய் ஒரு வளவோடு நிற்பதில்லை. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மிதமிஞ்சிப் போடும் பசளையும், நெருங்கிய குடியிருப்புகளின் மலக்குழிக் கழிவும் அப்படியே. இப்படுகையின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பசளை விற்பவனின் விளம்பரப் பலகை தெருவுக்குத் தெரு நிற்க, ஆய்வாளரின் எச்சரிக்கை பல்கலைக்கழக அலுமாரியில் உறங்குகிறது.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுக்கு அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 500 பேர் வரையிலானோருக்கு, ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல், மொத்தம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. தீர்ப்பை மதிக்கின்றோம். ஆயினும் இரண்டு விடயங்களைச் சொல்லாதிருக்க முடியவில்லை. வழக்குத் தொடுத்தவர் தெற்கைச் சேர்ந்த சிங்களச் சூழலியற் செயற்பாட்டாளர் ஒருவர். மேடைதோறும் மண்ணையும் மானத்தையும் பற்றி முழங்கும் எமது தலைவர்களுள் ஒருவருமல்லர். மற்றையது, கிணற்றுக்காரனுக்குக் காசு கிடைக்கலாம். கிணறே இல்லாமல் அயல் வீட்டில் அள்ளிக் குடித்த குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? ஊற்றுக்கு யார் இழப்பீடு கொடுப்பது?

“இனியென்ன, குழாய் நீர் வந்துவிட்டதே” என்பாருமுளர். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது உண்மை. அது வேண்டியதே. ஆனால் குழாய் நீரைக் கொண்டு எவரும் வெங்காயம் இறைக்கப்போவதில்லை. மாதக் கட்டணம் கட்டியவனுக்கே நல்ல தண்ணீர், கட்ட முடியாதவனுக்குப் பழைய கிணறு என்றொரு புதிய வருணாசிரமம் குழாய் வழியே வந்து சேர நாம் இடங்கொடுக்கலாமா? கடலிலிருந்து நீர் கிடைக்கிறதென்று காலடி நீரைக் கைவிடுவது, கூப்பன் அரிசி கிடைக்கிறதென்று வயலைத் தரிசாக விடுவதற்கொப்பானது.

வலிகாமம் தெற்குப் பிரதேச சபை சுன்னாகத்திலேதான் இருக்கிறது. மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் வட்டாரந்தோறும் கிணற்று நீரைச் சோதிப்பித்து, எண்ணெய் எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு என்பதைச் சந்தைக்கு வருவோர் வாசிக்கும்படி தமிழிலே எழுதிச் சந்தை வாயிலில் தொங்கவிட வேண்டுமென்று கேட்கின்றோம். எந்தக் கிணறு, யாருடைய வளவு என்று மறைக்க வேண்டியதில்லை. காணி விலையைக் காட்டிலும் குழந்தைகளின் வயிறு பெரிது. சபையின் அடுத்த கூட்டத்திலே இதனைப் பிரேரணையாகக் கொண்டுவரும் உறுப்பினர் யார், எதிர்த்துக் கையுயர்த்துபவர் யார் என்பதை ஊரார் நேரில் போயிருந்து பார்க்கட்டும்.