எரிபொருளும் அறநெறியும்

கறிக்கடைக்குச் சென்றால், முறையாக அறுக்கப்பட்டதா என்று கேட்டறிந்த பின்னரே வாங்குகின்றோம். வருவாயிலும் ஆகுமானது எது, ஆகாதது எது என்று ஆய்கின்றோம். ஆனால், பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தும்போது விலையைப் பார்க்கின்றோம், அளவைப் பார்க்கின்றோம், இது எம்மண்ணிலிருந்து வந்தது, அம்மண்ணின் மக்கள் எந்நிலையில் உள்ளனர் என்று கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தை எடுத்துக்கொள்வோம். 1956-இல் அங்கு ஒலோய்பிரி என்னும் சிற்றூரில் ஷெல்–பி.பி. கூட்டு நிறுவனம் எண்ணெய் கண்டது. 1958-இல் ஏற்றுமதி தொடங்கிற்று. உழவும் மீன்பிடியும் கொண்டு வாழ்ந்த ஓகோனி மக்களின் நிலமும் எண்ணெய் வயலாயிற்று. குழாய்களிலிருந்து கசிந்த எண்ணெய் ஓடைகளையும் அலையாத்திக் காடுகளையும் கருமையாக்கிற்று. எண்ணெயோடு வெளிப்பட்ட எரிவாயு இரவும் பகலும் திறந்தவெளியில் எரிக்கப்பட்டது.

இக்கொடுமையை எதிர்த்து மக்களைத் திரட்டியவர் எழுத்தாளர் கென் சாரோ-விவா. 1993 ஜனவரி 4 அன்று ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அமைதியாக அணிவகுத்தனர். அவ்வாண்டே ஷெல் அப்பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திற்று. ஆயினும் 1995 நவம்பர் 10 அன்று இராணுவ ஆட்சி, சாரோ-விவாவையும் தோழர் எண்மரையும் தூக்கிலிட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்து, 2025 ஜூன் மாதம் நைஜீரியக் குடியரசுத் தலைவர் அவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தார். குற்றமற்றவர்க்கு மன்னிப்பு எதற்கு?

ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் ஓகோனி நிலத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓரூரில் மக்கள் பருகிய கிணற்று நீரில், பென்சீன் என்னும் நச்சுப்பொருள் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவைப் போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது. அந்நிலம் முழுமையாகத் தேற 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. எண்ணெய்த் திருடரே காரணம் என்பது நிறுவனத்தாரின் வாதம். அதிலும் உண்மையுண்டு. எனினும், 2008-இல் போடோ என்னும் ஊரில் நேர்ந்த கசிவுகளுக்குப் பொறுப்பேற்று, 2015-இல் 5.5 கோடி பவுண்டு வழங்க ஷெல் இசைந்ததும் உண்மையே.

அந்நிறுவனத்தின் எண்ணெயைத் தவிர்த்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? தீராது. கச்சா எண்ணெய் கைமாறிக் கைமாறிக் கப்பலேறுகின்றது. சுத்திகரிப்பு ஆலையில் பல நாட்டு எண்ணெய்கள் ஒன்றாகக் கலக்கின்றன. இந்தியா தன் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி செய்கின்றது. நமக்கு விற்கும் நாடுகளுள் நைஜீரியாவும் ஒன்று. பெயர்ப்பலகை எதுவாயினும், நம் வண்டியில் எரிவது எவருடைய மண்ணின் எண்ணெய் என்பதை நாம் அறியோம்.

எண்ணெயைப் பழிப்பது நம் நோக்கமன்று. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற உடன்பிறப்புகளின் வியர்வையால் நம் இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிந்தது. பிள்ளைகள் பட்டம் பெற்றனர். அவ்வுழைப்பு தூயது. ஆனால், எண்ணெய் வளத்தால் பயன்பெற்ற சமுதாயம் என்பதனாலேயே நமக்குப் பொறுப்பும் மிகுதி. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இன்றைய நெருப்பு எண்ணெயில் இருக்கின்றது. அதன் பயன் நமக்கும் அதன் நஞ்சு ஓகோனி மக்களுக்கும் என்றால், அது பங்காளித்துவம் ஆகுமா?

நாம் செய்யத்தக்கவை இரண்டு. எந்நாட்டில், எவ்வயலில் எவ்வளவு எண்ணெய் வாங்கப்பட்டது என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டல் ஒன்று. கறிக்கடைக்காரரிடம் கேட்கும் உரிமை இங்கும் நமக்கு உண்டு. வீண்விரயத்தை விடுதல் மற்றொன்று. அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிள். ஒருவருக்கு ஒரு கார். மணவிழாவில் பெருமைக்காக நீளும் வண்டி வரிசை. இவை தேவையல்ல, பழக்கமே. மாணவச் செல்வங்கள் நடப்பதையும் பேருந்தில் செல்வதையும் இழிவெனக் கருதலாகாது. பெரியோர்கள் முதலில் நடந்து காட்டலாம்.

பூமியின் செல்வம் நமக்கு உடைமையன்று, அமானிதம். ஒவ்வொரு சொட்டுக்கும் கேள்வி கணக்கு உண்டு என்பதைச் சிந்திப்போமாக!