பெரிய மீன் என்னும் பெருமை

அனுமந்தை என் மனைவியின் ஊர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிறவர்களில் பலர் அதை ஒரு சுங்கச்சாவடியின் பெயராக மட்டுமே அறிந்திருப்பார்கள். சாலைக்குக் கிழக்கே குப்பமும் கடலும், மேற்கே கழுவெளி. வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, அதையும் தாண்டினால் இடையன்திட்டுக் கழிமுகம். ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு மாமனார் வீட்டின் மேல் பாசம் கூடிவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாசம் கொடுவா மீனின் மேல் என்பது மாமனார் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

இலக்கியம் பேசும் இடத்தில் தூண்டிலைப் பற்றி எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நெய்தல் என்று ஒரு திணையையே வகுத்துக்கொண்டவர்கள் நாம். ஆனால் நம் நெய்தல் பேச்சு பெரும்பாலும் இரங்கலோடு நின்றுவிடுகிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று கருதுவோர் உண்டு. அங்கே பாணர்களுக்குக் கிடைக்கும் விருந்தில் சுட்ட குழல்மீன் கருவாடு இருக்கிறது. அதைப் பிடித்த கை மட்டும் பாட்டில் தெரிவதில்லை. நான் சொல்லவிருப்பது அந்தக் கையைப் பற்றி; குறிப்பாக, என் கையைப் பற்றி.

கொடுவாவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்காளிகள் பெட்கி என்று கொண்டாடுவதும், ஆந்திரத்தில் பண்டுகப்பா என்பதும், கேரளத்தில் காளாஞ்சி என்பதும், ஆஸ்திரேலியர்கள் பாராமுண்டி என்பதும் இதே மீன்தான். நெற்றி குழிந்து முதுகு சற்றே கூனி, கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். இரவில் விளக்கு வெளிச்சம் பட்டால் கண் தணல்போல மின்னும். பெயரிலேயே ஒரு கொடிய வாய் ஒளிந்திருக்கிறது என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. இது சொல்லாராய்ச்சி அல்ல, ஒரு தூண்டில்காரனின் ஆசை.

ஆவணியும் புரட்டாசியும் இந்தக் கரையில் விசித்திரமான மாதங்கள். கோடை முடிந்ததாகப் பஞ்சாங்கம் சொல்லும், வெயில் ஒப்புக்கொள்ளாது. உப்பளங்களில் அந்த ஆண்டின் கடைசி உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருப்பார்கள். கழுவெளியின் பெரும்பகுதி வற்றிக் கிடக்க, மிஞ்சிய நீர் ஓடைகளிலும் மடுக்களிலும் ஒடுங்கியிருக்கும். நீர் சூடாக இருப்பதால் பகலில் கொடுவா ஆழமான இடம் பார்த்து அசையாமல் கிடக்கும். இரை தேடுவது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும்தான். பத்து மணி வெயிலில் கரையில் நின்று தூண்டிலை வீசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால், சென்னையிலிருந்து அன்று காலை புறப்பட்டு வந்தவர் என்று முடிவு செய்துவிடலாம்.

கொடுவா துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல, காத்திருந்து பிடிப்பது. ஆகவே அதைப் பிடிக்கும் வித்தையும் காத்திருக்கும் வித்தைதான். பாலத்தூண், மதகுவாய், இடிந்த கட்டு, முறிந்து கிடக்கும் மரம் என்று நீரோட்டத்தை மறிக்கும் எதன் நிழலிலும் அது நிற்கும். ஓட்டம் அடித்துக்கொண்டுவரும் இறாலும் மடவைக்குஞ்சும் தன்னைக் கடக்கும் கணத்தில் வாயைத் திறக்கும். வாய்க்குள் நீர் பாய்கிற வேகத்தில் இரையும் சேர்ந்து உள்ளே போய்விடும். இரவின் அமைதியில் அந்தச் சத்தம், யாரோ நீருக்கடியில் ஒரு கதவைச் சாத்தியதுபோலக் கேட்கும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தவர் குப்பத்துப் பெரியவர் ஒருவர். என்னுடைய உருளைத் தூண்டிலையும் ஜப்பானியப் போலிமீன்களையும் அவர் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தார். பேத்தியின் விளையாட்டுச் சாமானைத் திருப்பித் தருவதுபோலத் திருப்பித் தந்தார். அவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் கட்டையில் சுற்றிய நரம்பு, ஒரு முள், ஒரு சிறு ஈயக்குண்டு. நான் வந்ததும் வராததுமாகத் தூண்டிலைப் போடப்போனால் தடுப்பார்.

“தண்ணி வாங்கட்டும் தம்பி. அதுக்கு முன்னாடி போட்டா நண்டுக்குச் சோறு போடற கணக்குதான்.”

வடியும் ஓதம்தான் அவருடைய நேரம். இந்தக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் ஓடையில் ஓட்டம் என்று சொல்லும்படி ஏதாவது இருக்கும். உப்பளத்து ஓரங்களில் பரவியிருந்த நீர் ஓடைக்குத் திரும்பும்போது சின்ன உயிர்கள் எல்லாம் அதோடு வந்தாக வேண்டும். கிளை ஓடை பெரிய ஓடையில் சேரும் மூலையில், ஓட்டமும் தேக்கமும் உரசும் கோட்டில், உயிருள்ள இறாலை வால்பக்கம் முள் கோத்து விடுவார். தலையில் கோத்தால் செத்துவிடும். செத்த இறாலைக் கொடுவா அவ்வளவாக மதிப்பதில்லை. ஈயம் கனமாக இருக்கக் கூடாது. இறால் ஓட்டத்தோடு இயல்பாக நகர வேண்டும். நுனியில் மட்டும் தடித்த நரம்பைக் கட்டுவார். காரணம், கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி. நீருக்கு மேல் எம்பித் தலையை உதறும்போது மெல்லிய நரம்பு அறுந்துபோகும். அது எம்பும் சமயத்தில் கோலைத் தாழ்த்தி நரம்பைச் சற்றே தளர்த்திக் கொடுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் முள் தெறித்துவிடும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகளும் எண்ணற்ற முட்களும் செலவாயின.

முதல் மழைக்குப் பிறகு கணக்கு மாறும். கழுவெளியிலிருந்து கலங்கல் நீர் இறங்கி உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். இந்தப் பக்கம் மண் நிறம், அந்தப் பக்கம் பச்சை. அந்தக் கோட்டை விட்டு நகராமல் தூண்டில் போடுபவர் வெறுங்கையோடு திரும்புவது குறைவு. போலிமீன் பயன்படுத்துவோருக்கும் அதுவே நல்ல காலம். கலங்கலில் மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். அநேகமாக அது நிற்கும்போதுதான் அடி விழும்.

2017 ஆவணியில், ஒரு அமாவாசைக்கு மறுநாள் விடியலில், எனக்கு ஒரு கொடுவா பட்டது. கரையேற்ற அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தராசில் பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். என் மைத்துனன் எடுத்த படத்தில், தாடையில் கைவிட்டு அதைத் தூக்கிப் பிடித்தபடி, நோபல் பரிசு வாங்கியவன்போல நிற்கிறேன். அந்தப் படம் எத்தனை பேருக்குப் போயிற்று என்று எண்ணிச் சொல்ல முடியாது. பிறகு பெரியவர் மீனைக் கீறினார். உள்ளே இரண்டு மஞ்சள் மடல்கள் வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தன.

“சினை இருக்குது தம்பி. கடலுக்குப் போகறதுக்காக வந்து நின்னிருக்கு.”

குற்றம் சாட்டும் குரலில் அல்ல, ஒரு தகவலாகத்தான் சொன்னார். சினைக்கு நல்ல ருசி என்றும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் பருவமெய்துகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்தபின், ஏறத்தாழ ஆறேழு வயதுக்கு மேல், பெண்ணாக மாறுகிறது. சிறியவை ஆண்கள், பெரியவை பெண்கள் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். நன்னீரிலும் உவர்நீரிலும் வளர்ந்தாலும் முட்டையிட அதற்கு உப்புநீர் வேண்டும். அதற்காகவே முகத்துவாரத்துக்கு வருகிறது. பத்துக் கிலோ அளவுள்ள ஒன்று பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும். ஆக, நான் பெருமைப்பட்ட வித்தையில் ஒரு பங்கு என்னுடையதே அல்ல. பேறுகாலப் பயணம் ஒன்றின் வழியில் போய் உட்கார்ந்துகொண்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைத்திருந்தேன்.

இங்கேதான் இலக்கியத்தின் மேல் எனக்குச் சிறு கோபம் வருகிறது. பெரிய மீன் ஆண்மைக்குச் சமமான எதிரி என்ற கற்பனையை நமக்குள் ஊன்றியதில் ஹெமிங்வேக்குப் பெரும்பங்கு உண்டு. 1952-இல் வெளிவந்த ‘கிழவனும் கடலும்’ நாவலில் சாண்டியாகோ அந்த மார்லினை ‘அவன்’ என்றே நினைக்கிறான், சகோதரன் என்கிறான். ஆண் மார்லின்கள் நூற்றைம்பது, நூற்றறுபது கிலோவைத் தாண்டுவது அரிது. பதினெட்டு அடி நீளமுள்ள அந்த மீன் பெண்ணாக மட்டுமே இருக்க முடியும். இதே கிழவன்தான், முன்பொரு நாள் இணையாக வந்ததில் பெண்மீனைப் பிடித்ததை நினைத்து, தான் கண்டவற்றிலேயே துயரமானது அது என்று வருந்துகிறான். நாவலின் மகத்துவம் இதனால் குறைவதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தூண்டிலை எடுத்த என் போன்றவர்கள் எதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம் என்பதை ஒருமுறை யோசிக்கலாம்.

நம் முன்னோரிடம் இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. பட்டினப்பாலையில் பரதவர் நட்டு வணங்குவது வெறும் சுறாக்கொம்பு அல்ல, சினைகொண்ட சுறாவின் கொம்பு. என் ஊகத்தில் அது வேளா மீனின் வாள். கொன்றதைத்தான் வணங்கினார்கள், அதனால் அதை ஒரு காப்புணர்வு என்று நீட்டிப் பொருள்கொள்ள எனக்குத் தைரியமில்லை. கொன்றது தாய் என்று அறிந்திருந்தார்கள், அதைச் சொல்லவும் செய்தார்கள் என்பது மட்டும் எனக்குப் போதும். அந்த வேளா இன்று அழிவின் விளிம்பில். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

என் கருத்து இதுதான். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடும் நாம், ஆவணியிலும் புரட்டாசியிலும் பிடிக்கும் பெரிய கொடுவாவைத் திருப்பி விட வேண்டும். இரண்டு மூன்று கிலோ அளவுள்ளதை எடுத்துக்கொள்ளலாம். குழம்புக்கும் அதுவே நல்லது என்று அடித்துச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கிழக்குக் கரையில், இதே மீனுக்கு 58 சென்டிமீட்டர் கீழ்வரம்பு இருப்பதுபோல 120 சென்டிமீட்டர் மேல்வரம்பும் இருக்கிறது. நவம்பர் முதல் நாளிலிருந்து பிப்ரவரி முதல் நாள் வரை பிடிக்கவே தடை. சின்னதைத் தொடாதே என்பது நமக்குப் பழகிய அறம். பெரியதையும் தொடாதே என்பதுதான் புதிது. நம் கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது விசைப்படகுகளுக்கானது, கழிமுகத்தில் சினையோடு நிற்கும் கொடுவாவுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் நல்லவை. ஆனால் மீனைப் பறவையின் உணவாக மட்டும் பார்க்கும் பார்வை அதில் இல்லாமல் இல்லை.

நண்பர்கள் இரண்டு மறுப்புகளைச் சொல்வார்கள். முதலாவது, வலைகள் அள்ளிக்கொண்டு போகும்போது தூண்டில்காரன் விடும் ஒரு மீனால் என்ன பயன் என்பது. கொடுவா ஒன்று பட்டால் ஒரு வாரச் செலவைச் சமாளிக்கிற குப்பத்துக்காரரிடமோ, ஓடையில் இடுப்பளவு நீரில் கைகளால் துழாவி இறால் பொறுக்கும் இருளர் பெண்களிடமோ போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வரவும் கூடாது. நான் பேசுவது மீனைத் தின்றேயாக வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களிடம். கொடுவாவின் ருசிதான் வேண்டுமென்றால் பண்ணையில் வளர்ந்தது கிடைக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வகம் 1997-லேயே அதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து காட்டிவிட்டது.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. முள் பட்டு, அரைமணி போராடிய மீன் விட்டாலும் பிழைக்குமா? எப்படி விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். உயிர் இறால் போடுபவர்கள் வட்டமுள் பயன்படுத்தினால் அது வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். மெல்லிய நரம்பில் வீரம் காட்டி மணிக்கணக்கில் விளையாடக் கூடாது. கை நனைந்திருக்க வேண்டும். என் படத்தில் உள்ளதுபோலத் தாடையில் தொங்கவிடவே கூடாது. பெரிய மீனின் எடையை அதன் தாடை தாங்காது. நீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்திருந்து, அது தானாக வாலை அடிக்கும்போது கையை எடுத்துவிட வேண்டும்.

சென்ற புரட்டாசியில் அப்படி ஒன்றை விட்டேன். ஏழெட்டுக் கிலோ இருக்கலாம், நிறுக்கவில்லை. பெரியவர் கரையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரட்டாசி மாசம், பாதி ஊரு கவுச்சி சாப்பிடாது. விலையும் போவாது. அதனால விட்டியா தம்பி?”

“இல்லைங்க ஐயா, சினை இருக்குமேன்னு.”

அவர் சிரித்துவிட்டு, நாளைக்கு யாராவது வலையில் எடுத்துவிடுவார்கள் என்றார். எடுக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் மரக்காணம் மார்க்கெட்டில் அரைக்கிலோ கிழங்கான் வாங்கிக்கொண்டேன். எங்கே பிடித்தது என்று மாமனார் கேட்கவில்லை.