நிய்யத் மட்டும் போதுமா?

 

எங்கள் மஹல்லாவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவரை இழந்தவர், கோரைப்பாய் நெய்து காலம் கழிப்பவர். மதரஸாவுக்கு நான்கு வகுப்பறைகள் கட்டுவதென 2023ஆம் ஆண்டு ரமளானில் அறிவித்தபோது, தம்மிடமிருந்த ஒற்றை வளையலைக் கட்டடக் குழுவிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக, வெள்ளிக்கிழமைதோறும் என்னை வழிமறித்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “பிள்ளைகள் எப்போது உள்ளே உட்காருவார்கள், ஹஜ்ரத்?”

“இன்ஷா அல்லாஹ், சீக்கிரத்தில்” என்பேன். அந்தப் புனிதச் சொல்லை உறுதியோடு சொன்னேனா, என்னிடம் பதில் இல்லாத குறையை மறைக்கச் சொன்னேனா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஏனெனில் கட்டடக் குழுவின் செயலாளர் நானே.

எங்கள் நிய்யத்தில் களங்கம் இல்லை. ஒரு ரூபாய்கூட வீண்போகவில்லை. ஆயினும் வேலை நின்றது. ஷவ்வாலில் தொடங்கி ஆறு மாதத்தில் முடிப்போம் என்று எண்ணினோம். வடகிழக்குப் பருவமழை எங்கள் எண்ணத்தில் இடம்பெறவே இல்லை. ரமளானில் சேர்ந்த தொகை முழுவதையும் கட்டடத்துக்கெனக் கணக்கிட்டோம். அதில் பெரும்பகுதி ஸகாத் என்பதும், ஸகாத்தைக் கட்டடச் செலவுக்குப் பயன்படுத்த ஃபிக்ஹில் இடமில்லை என்பதும், அச்சட்டத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கும் எனக்கே பிறகுதான் உறைத்தது. ஓர் அறைக்குச் சென்டரிங் அடித்துக் கான்கிரீட் போடும் நாளையும் குறித்துவிட்டோம். முதல்நாள் மாலைதான் கூரைக்குள் மின்கம்பிக் குழாய்கள் பதிக்கப்படவில்லை என்று மேஸ்திரி சொன்னார். மின்பணியாளர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பும்வரை, 11 நாட்கள், சென்டரிங் பலகைகளுக்கு வீண் வாடகை கொடுத்தோம்.

வளைகுடா நாடொன்றில் கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருக்கும் என் தங்கை மகன் 2024 தொடக்கத்தில் விடுமுறையில் வந்தான். அரைகுறையாய் நின்ற சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடக்கமாகச் சில கேள்விகள் கேட்டான். “மாமா, நான்கு அறை என்றால் கதவு, மின்விசிறி, ஒளூச் செய்யும் இடம், எல்லாம் அதில் சேர்ந்தவையா? எந்த வேலைக்கு எந்த வேலை முந்த வேண்டுமென எழுதி வைத்திருக்கிறீர்களா? மழை வந்தால் என்ன செய்வதென்று குழுவில் பேசினீர்களா? ஒரு வேலை நின்றுபோனால் யாரைக் கேட்பது?”

கடைசிக் கேள்விக்கு, “குழுவிலுள்ள எல்லோரையும்தான்” என்றேன்.

“எல்லோரையும் என்றால் யாரையும் கேட்க முடியாது, மாமா” என்றான் அவன்.

அவன் அப்போது திட்ட மேலாண்மைக்கான சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்தே இணையவழி படிக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை என்றான். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, நாற்பது வயதைக் கடந்து, மதரஸாவில் பாடம் சொல்லித்தரும் எனக்கு இது எதற்கு என்று முதலில் தயங்கினேன். வளையலை நினைத்ததும் தயக்கம் அகன்றது. இஷாவுக்குப் பின் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். ஆறு மாதப் படிப்பு எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

இக்கலை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். பெரும்பணிகளை மனிதன் பண்டுதொட்டே செய்து வந்துள்ளான் எனினும், அவற்றைத் திட்டமிடும் முறை தனிக் கல்வியாக உருப்பெற்றது சென்ற நூற்றாண்டில்தான். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட், வேலைகளை நாட்களோடு பொருத்திக் கோடுகளாகக் காட்டும் வரைபடத்தை 1910களில் பரப்பினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. எந்த வேலை தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்று கணக்கிடும் முறையை 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தார் வகுத்தனர். அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அத்தகையதொரு முறையை உருவாக்கியது. 1969இல் அந்நாட்டில் திட்ட மேலாண்மைக் கழகம் தோன்றியது. அக்கழகம் 1984 முதல் தேர்வு நடத்தி, பிஎம்பி எனும் தகுதிச் சான்றிதழை வழங்கி வருகிறது.

நான் கற்றவற்றில் ஐந்தை மட்டும் இங்கே சொல்வேன்.

முதலாவது, எல்லை. வேலை எது, எது அதில் சேராது, எப்போது அது முடிந்ததாகக் கொள்வது என்பதைத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி, தொடர்புடையோர் அனைவரின் இசைவையும் பெறுவது.

இரண்டாவது, பகுத்தல். “நான்கு அறை கட்டுவது” என்ற ஒரே வரியை, செய்து முடிக்கத்தக்க சிறு வேலைகளாகப் பிரிப்பது. நான் பிரித்தபோது 63 வேலைகள் வந்தன. குழாய் பதிப்பது அவற்றுள் ஒன்று.

மூன்றாவது, வரிசை. கூரை போட்டபின் நீர் கட்டிப் பதப்படுத்தவும் சென்டரிங்கைப் பிரிக்கவும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எத்தனை ஆட்களை வைத்தாலும் அதைச் சுருக்க இயலாது. ஆனால் அந்த நாட்களில் தச்சர் கதவு செய்யலாம். கூரை ஒரு நாள் பிந்தினால் திறப்பு விழாவும் ஒரு நாள் பிந்தும். கதவோ சில நாள் பிந்தினாலும் கேடில்லை. எதற்கு விரைய வேண்டும், எதில் பொறுக்கலாம் என்ற தெளிவு இதனால் கிட்டுகிறது.

நான்காவது, இடர். மழை, விலையேற்றம், ஆள் பற்றாக்குறை, வராத நன்கொடை ஆகியவற்றை முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாட்டை எழுதி வைப்பது.

ஐந்தாவது, பொறுப்பு. ஒவ்வொரு வேலைக்கும் பதில் சொல்ல ஒரே ஒருவர்.

இவற்றைப் படிக்கப் படிக்க என் வெட்கம் கூடிற்று. இவை நமக்குப் புதியவையா? ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை எத்தனை பயான்களில் சொல்லியிருக்கிறோம்! ஹிஜ்ரத் பயணத்தைச் சிந்தியுங்கள். ஒட்டகங்கள் முன்னரே ஆயத்தம் செய்யப்பட்டிருந்தன. மதீனா வடக்கே இருக்க, பெருமானாரும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தெற்கேயுள்ள தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். மக்காவின் செய்திகளைக் கொண்டுவந்தவர் அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் (ரலி). உணவு ஆயத்தம் செய்தவர் அஸ்மா (ரலி). ஆட்டுமந்தையை அவ்வழியே ஓட்டிவந்தவர் ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி). வழிகாட்டியோ, முஸ்லிம் அல்லாதவராயினும் பாதை அறிந்தவரும் நம்பத்தக்கவருமான அப்துல்லாஹ் இப்னு உரைகித். ஒவ்வொருவருக்கும் ஒரு பணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். தவக்குலின் சிகரத்தில் நின்றவரே ஏற்பாட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை எனில், நாம் ஏற்பாடின்றி இருந்துவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டலாமா?

இனி, இப்படிப்பை நாடும் இளைஞர்களுக்கும் இல்லத்திலிருந்தே கற்க விழையும் சகோதரிகளுக்கும் சில சொற்கள்.

படிப்பை முடித்தமைக்கான சான்றிதழ் வேறு. தேர்வெழுதிப் பெறும் தகுதிச் சான்றிதழ் வேறு. கூகுள் நிறுவனம் 2021இல் கோர்செரா தளத்தின் வழியே தொடங்கிய படிப்பு முதல் வகையைச் சார்ந்தது; தொடக்க நிலையினருக்கு ஏற்றது. இத்தகைய படிப்புகளுக்கு மாதக் கட்டணம் உண்டு. படிப்பு நீண்டால் செலவும் நீளும் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். இரண்டாம் வகையில், மேற்சொன்ன கழகத்தின் காப்பம் எனும் தேர்வைப் பள்ளிக் கல்வியை முடித்தோரும் எழுதலாம். 23 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். 3 மணி நேரத்தில் 150 வினாக்கள். பிஎம்பி தேர்வுக்கோ பட்டதாரியாயினும் திட்டங்களை நடத்திய 3 ஆண்டு அனுபவம் வேண்டும். இவ்விரண்டையும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே, அனுபவமே இல்லாத பிள்ளைக்குப் பிஎம்பி வாங்கித் தருகிறோம் என்றோ, தேர்வெழுதாமலே சான்றிதழ் தருகிறோம் என்றோ எவரேனும் பணம் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஒரு தாள் மட்டுமே வேலை வாங்கித் தந்துவிடாது. படிக்கும்போதே நிஜமான ஒரு பணியைக் கையிலெடுங்கள். வீட்டு நிக்காஹ் ஏற்பாடு, மஹல்லாவின் நோன்புக் கஞ்சி விநியோகம், ஹஜ் பயண ஆயத்தம், எதுவாயினும் சரி. கற்றதை அதில் செய்து பார்த்தால்தான் கல்வி கையில் தங்கும்.

எங்கள் கட்டடம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன் எழுந்து, கணக்கு தவறியதையும் அந்தத் தவறு என்னுடையது என்பதையும் சொன்னேன். கையிலிருக்கும் தொகைக்கு நான்கு அறை ஆகாது. இரண்டை மட்டும் முழுமையாக முடிப்போம் என்று எழுதிய திட்டத்தைப் படித்தேன். சிலர் கடிந்துகொண்டனர், அது எனக்கு உரியதே. மழைக்கென மூன்று வாரங்களைத் திட்டத்திலேயே ஒதுக்கியிருந்தோம். மழை அவற்றை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில், ஷவ்வால் மாதத்தில் மதரஸா ஆண்டு தொடங்கியபோது, அல்ஹம்துலில்லாஹ், இரண்டு அறைகளில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

அந்த மூதாட்டி வந்து, வாசற்படியில் அமர்ந்து, பிள்ளைகள் ஓதுவதை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, “மற்ற இரண்டும் எப்போது, ஹஜ்ரத்?” என்றார்.

இம்முறை என்னிடம் பதில் இருந்தது. “இன்ன தொகை சேர்ந்தால் அடுத்த ஷஅபானுக்குள் முடியும், இன்ஷா அல்லாஹ். சேராவிட்டால், ஏன் சேரவில்லை என்பதை ரஜபிலேயே உங்களிடம் வந்து சொல்வேன்” என்றேன்.

“அப்படிச் சொன்னால் போதும்” என்று கூறிவிட்டு அவர் நடந்தார்.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் மட்டுமன்று, அவர்கள் காத்திருக்கும் காலமும் நம்மிடமுள்ள அமானத்தே. அதைப் பேணும் அறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.