பழகிப் போகும்!

நம்மவர்களிடம் ஒரு சர்வரோக நிவாரணி இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை; பத்தியமும் கிடையாது. செருப்புக் கடித்தாலும் அதே மருந்துதான். மாமியார் கடிந்துகொண்டாலும் அதே மருந்துதான். "போகப் போகப் பழகிப் போகும்" என்பது அதன் பெயர். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் இறங்கிய ஒருவன் விரல்களை உதறிக்கொண்டு, "கையெல்லாம் மரத்துப் போகிறது, ஐயா" என்று சொல்லட்டும். சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்த மருந்தைத்தான் நீட்டுவார்கள். பத்தாவது ஆசாமி, "ஆண்பிள்ளை இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வதா?" என்பார்.

அந்த ஒன்பது பேரோடும் இந்தப் பத்தாவது ஆசாமியோடும்தான் எனக்கு வழக்கு.

பழகுவது என்றால் என்ன? செருப்புப் பழகுகிறது என்றால் தோல் இளகுகிறது, காலின் சருமம் காய்த்துப் போகிறது. அதில் அர்த்தம் இருக்கிறது. நரம்பு அப்படிக் காய்த்துப் போய்ப் பழகுவதில்லை. அது பழகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, சேதி கொண்டு வருவதை அது நிறுத்திக்கொண்டது என்றுதான் பொருள். தபால்காரர் வருவது நின்றுவிட்டால் ஊரில் எல்லோரும் சௌக்கியம் என்றா முடிவு கட்டுவது?

மணிக்கட்டின் உள்பக்கத்தைச் சற்றுப் பாருங்கள். சிறு எலும்புகளும் கெட்டியான ஒரு பட்டையும் சேர்ந்து அங்கே ஒரு குறுகிய சுரங்கப் பாதையை அமைத்திருக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் அதன் வழியாகப் போகின்றன. அவற்றோடு ஒண்டுக் குடித்தனமாக ஒரு நரம்பும் போகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பின் பொறுப்பு. மணிக்கட்டை மேலாகவோ கீழாகவோ மடக்கி வைத்தால் அந்தக் குடித்தனத்தில் நெருக்கடி அதிகமாகிறது. சுண்டு விரலும் மோதிர விரலின் மறு பாதியும் வேறொரு நரம்பின் ஆட்சி. அது சுண்டு விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கையின் அடிமேட்டை ஒட்டிப் போகிறது. ஹேண்டில் பாரின் மேல் உடம்பைச் சாய்த்தால் பாரம் முழுவதும் அந்த மேட்டில்தான் விழும். ஆகவே, எந்த விரல் மரக்கிறது என்று கவனித்தாலே குற்றவாளி யார் என்பது பாதி தெரிந்துவிடும். கட்டை விரல் பக்கமானால் மணிக்கட்டின் வளைவைச் சந்தேகியுங்கள். சுண்டு விரல் பக்கமானால் உள்ளங்கையின் பாரத்தைச் சந்தேகியுங்கள்.

இது நேற்று முளைத்த வியாதியும் அல்ல. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதை இங்கிலாந்தில் ஜேம்ஸ் பேஜட் என்ற அறுவை வைத்தியர் 1854-லேயே எழுதி வைத்தார். மணிக்கட்டுகளை ஒரு நிமிஷம் மடக்கி வைத்துப் பார்க்கும் எளிய சோதனையை 1950-களில் அமெரிக்கரான ஜார்ஜ் ஃபேலன் பிரபலப்படுத்தினார். இத்தனைக்கும் பிறகு, "பழகிப் போகும்" என்று சொல்வதற்கு அறியாமை ஒன்றே காரணமாக இருக்க முடியாது. அடுத்தவன் கைதானே என்ற அலட்சியமும் அதில் கலந்திருக்க வேண்டும்.

அடுத்தது அதிர்வு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மேலே போய்க் கீழே வருகிறது. அப்படியானால் விநாடிக்கு 50 உதறல், மணிக்கு 1,80,000. சென்னையிலிருந்து மதுரைக்கு எட்டு மணி நேரம் போகிறவனின் கை பதினான்கு லட்சம் உதறல்களுக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் எறும்புக் கடி அளவுதான். பதினான்கு லட்சம் எறும்புகள் என்றால் சும்மாவா?

அதிர்வு கையை என்ன செய்யும் என்பதையும் உலகம் நெடுநாளாக அறியும். அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தின் பெட்ஃபோர்டு என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக் கல் செதுக்கிய தொழிலாளர்களை 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் பரிசோதித்தார். குளிர் காலையில் அவர்களுடைய விரல்கள் ரத்தம் வற்றிச் செத்த விரல்களைப் போல வெளுத்துப் போயிருந்தன. கல்லுடைப்பவன் கதை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வேலை பார்க்கும் போக்குவரத்துப் போலீசாரின் கைகளை ஜப்பானில் 1990-களில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் 2002-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். எட்டு மணி நேர வேலையில் கைக்கு ஏறும் அதிர்வின் சராசரி, விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. இரைச்சலுக்கு அளவு உண்டு, புகைக்கு அளவு உண்டு என்பதைப் போல, கை நடுக்கத்துக்கும் அளவு உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது.

இனிப் பத்தாவது ஆசாமிக்கு வருகிறேன். "வண்டி என்றால் அதிர வேண்டும், அந்த அதிர்வுதான் அதன் உயிர்" என்பது அவருடைய சித்தாந்தம். 1955-ல் சென்னையில் கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் உருவாகி வந்த புல்லட்டின் பெயரைச் சொல்லித்தான் அவர் சத்தியம் செய்வார். எனக்கும் அந்த வண்டியின் சத்தம் பிடிக்கும். ஆனால் அதிர்வுதான் உயிர் என்றால், யந்திரம் செய்கிறவர்கள் ஏன் அந்த உயிரைப் போக்குவதற்குத் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்? 1967-ல் இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி, கமாண்டோ என்ற வண்டியில் எஞ்சினையே ரப்பரின் மேல் உட்கார வைத்தது. அதே புல்லட் குடும்பத்தார் 2020-ல் கொண்டுவந்த புதிய 350 எஞ்சினில், உதறலை எதிர்த்துச் சுழலும் தனித் தண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். செய்கிறவனே குறையென்று கண்டு திருத்திய ஒன்றை, ஓட்டுகிறவர் குணமென்று கொண்டாடுவது வேடிக்கைதான்.

லடாக் போய்த் திரும்பிய வாலிபர்கள், மரத்துப் போன விரல்களைப் பதக்கம் போலக் காட்டுகிறார்கள். வீரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரலுக்கு, தான் பிரேக்கைத் தொட்டிருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாமல் போவது எந்த வகை வீரம் என்றுதான் கேட்கிறேன்.

"எல்லாம் சரி, பிடியைத் தளர்த்தினால் பள்ளத்தில் விழும்போது வண்டி கையை விட்டுப் போய்விடுமே!" என்று நியாயமாகக் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடமை. ஓடும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் தானே நேராக நிற்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கிப் பிடிக்கிறவன் தன் உடம்பின் ஒவ்வொரு குலுக்கலையும் ஹேண்டிலுக்குக் கடத்தி அதைக் கெடுக்கிறான். பிடி தளர வேண்டும் என்றால் விரலை விரித்துவிட வேண்டும் என்பதல்ல. கட்டை விரல் சுற்றியே இருக்கட்டும், முழங்கை மடங்கியிருக்கட்டும். முட்டைக் கூடையைத் தூக்கும் பிடி போதும். அம்மிக் குழவியைப் பிடிக்கும் பிடி வேண்டாம். உடம்பைத் தாங்குவது தொடையும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலை. முழங்கால்கள் பெட்ரோல் டாங்கை அணைத்துக்கொண்டால், பிரேக் போடும்போதுகூடப் பாரம் கைக்கு வராது.

மீதி வைத்தியம் ஒரு ஸ்பேனருக்குள் அடங்கிவிடும். ஆசனத்தில் இயல்பாக உட்கார்ந்து, விரல்களை லீவர் மேல் நீட்டிப் பாருங்கள். முன்கை, மணிக்கட்டு, புறங்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கினால் லீவர் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிடியைத் தளர்த்திச் சற்றுக் கீழே திருப்ப வேண்டும். கிளட்ச் கம்பிக்கு எண்ணெய் விட வேண்டும். நகரத்து நெரிசலில் இடது கை நூற்றுக்கணக்கான தடவை அதை இழுக்கிறது என்பது நினைவிருக்கட்டும். டயரில் சரியான காற்று, தொய்வில்லாத செயின், முடுக்கிய எஞ்சின் போல்ட்டுகள், கைப்பிடி முனைகளில் கனமான உலோகக் குமிழ்கள் ஆகியவை அதிர்வைக் குறைக்கும். மணிக்கு ஒரு முறை இறங்கிக் கைகளைத் தொங்கவிட்டு, விரல்களை விரித்து மூடுங்கள். டீக்கடைகளுக்கு நம் சாலைகளில் பஞ்சமில்லை.

இதைச் சொல்லித் தராத கடைக்காரர்கள், கைப்பிடிக்குத் தடித்த பஞ்சு உறையும், மெத்தை வைத்த கையுறையும் விற்கிறார்கள். விழுந்தால் தோலைக் காக்கக் கையுறை அவசியம்தான். ஆனால், சிறிய கைக்குத் தடித்த பிடியைக் கொடுத்தால் அந்தக் கை இன்னும் அதிகமாக இறுக்கத்தான் செய்யும். லீவர் எட்டாமல் தவிக்கும் பெண்களுக்கு மெத்தை எதற்கு? எட்டும் லீவர்தான் வேண்டும். இன்னும் சிலர், ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் பூட்டி வைக்கும் சாதனத்தைச் சிபாரிசு செய்கிறார்கள். எருமை குறுக்கே வரும், டிராக்டர் எதிரே வரும் சாலையில் அது வைத்தியமல்ல, யமனுக்கு எழுதும் அழைப்புக் கடிதம். புது வண்டியை மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஒப்படைக்கிறார்களே, அப்போது வாங்குகிறவரை உட்கார வைத்து லீவரைத் திருப்பிக் கொடுக்க ஐந்து நிமிஷம் பிடிக்குமா? சாமிக்குச் செய்வதை ஆசாமிக்கும் செய்தால் என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் தன் விருப்பத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கு வலித்தால் நிறுத்தலாம், லீவு போடலாம். முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்குச் சோறும் மளிகையும் கொண்டுவரும் பையனால் அது முடியுமா? பெரும்பாலும் அவனிடம் இருப்பது பழைய ஸ்கூட்டர். அணைத்துக்கொள்ள டாங்க் கிடையாது. கால் வைக்கும் இடத்தில் மூட்டை இருக்கிறது. மீதி இருப்பது கை ஒன்றுதான். மணிக்கு ஒரு முறை நிறுத்து என்று அவனுக்கு நான் உபதேசம் செய்தால், அவன் சிரிப்பான். நிறுத்திய நேரத்துக்குக் கூலி கிடையாதே! 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளர்களுக்குச் சட்டத்தில் ஒரு பெயரைத் தந்தது. தமிழ்நாட்டில் 2023-ல் அவர்களுக்கென நலவாரியம் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். விபத்தில் முறிந்த கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மெல்ல மெல்லச் செத்துப் போகும் நரம்பு யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும். ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஏற்பட வேண்டும். பத்து நிமிஷத்தில் பால் பாக்கெட் வராவிட்டால் குடி முழுகிவிடும் என்று நினைக்கும் நாமும் நம் அவசரத்தைச் சற்றே குறைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியை விட்டு இறங்கிப் பல மணி நேரம் ஆகியும் மரப்பு நீங்கவில்லையா? நடு இரவில் கை மரத்து விழிப்பு வருகிறதா? சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுகிறதா? உடனே வைத்தியரிடம் போங்கள். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டினாலே பலருக்கும் குணம் தெரியும். நாள் கடத்தினால் கட்டை விரலின் அடிச்சதை வற்றிவிடும். அதன்பின் அறுவை சிகிச்சை செய்தாலும் போனது முழுதும் திரும்பாது.

அந்த வைத்தியரிடம் போகும் வழியில் யாராவது உங்களை நிறுத்தி, "பழகிப் போகும்" என்று சொன்னால், அவரோடு தர்க்கம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள். கையை அவரிடம் காட்டி, "இது உங்கள் கையாக இருந்தால்?" என்று மட்டும் கேளுங்கள்.