முழங்காலும் படச் சாட்சியமும்

முழங்கால் பிசகிய மாத்திரத்தில் "ஸ்கேன் எடுத்தாயிற்றா?" என்று விசாரிப்பது இக்காலத்தில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்பாரைக் காணோம். இவ்வழக்கம் பணத்துக்குக் கேடு விளைப்பதோடு நில்லாமல், சில சமயம் முழங்காலுக்கே கேடாக முடிகிறது.

1895-ல் ஜெர்மனியில் ரண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே, எலும்பைக் காட்டுமேயன்றி, எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்டையும் அவற்றினிடையே மெத்தைபோல் அமைந்த மெனிஸ்கஸையும் காட்டாது. நம்மவர் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே. விளையாட்டில் கால் முறுக்கி விழுவோரிற் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவதில்லை. அங்ஙனமிருக்க எல்லோருக்கும் எக்ஸ்ரே எதற்கு?

இக்கேள்வியைக் கானடா தேசத்து வைத்தியர் ஈயான் ஸ்டீலும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1995-ல் ஆட்டவா விதி என்பதை வெளியிட்டனர். அடிபட்டவர் 55 வயதை எட்டியவராயிருத்தல். முழங்காற்சில்லில் மாத்திரம் தொட்டால் வலித்தல். கெண்டைக்காலின் வெளிப்புறத்து எலும்பின் தலையில் வலித்தல். காலை 90 டிகிரி மடக்க இயலாமை. அடிபட்டவுடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கடி எடுத்துவைக்க இயலாமை. இவற்றுள் ஒன்றேனும் உண்டாயின் எக்ஸ்ரே எடுக்கவேண்டும், இல்லையேல் வேண்டுவதில்லை. 1997-ல் வெளியான பரீட்சையில், இவ்விதியைக் கையாண்ட ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுப்பது காற்பங்குக்குமேல் குறைந்தது. விதிக்குத் தப்பிய முறிவு ஒன்றுமில்லை!

நிற்க. 2003-ல் லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவருக்கும் நோபல் பரிசை ஈட்டித்தந்த எம்.ஆர்.ஐ., ஜவ்வையும் தெளிவாகக் காட்டுவது. அபாயமும் இங்கேதான் இருக்கிறது. அது காட்டுவது மிக அதிகம். அமெரிக்காவில் பிராமிங்ஹாம் நகரத்து 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருடைய முழங்கால்களைப் படமெடுத்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றிலொரு பங்கினருக்கு மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முந்திய ஒரு மாதத்தில் நோவென்பதையே அறியாதவர்கள். கோர்ட்டில் பழகிய நமக்கு, ஸ்தலத்தில் இருந்தான் என்ற காரணத்தால் ஒருவனைக் குற்றவாளியாக்கிவிட முடியாது என்பது பாலபாடம். முழங்கால் விஷயத்தில் மாத்திரம் படத்தில் அகப்பட்ட கிழிசலே குற்றவாளியென்று உடனே கத்தியைத் தீட்டுவானேன்?

பின்லாந்து வைத்தியர்கள் 2013-ல் வெளியிட்ட பரீட்சை இதை நன்கு விளக்கும். தேய்மானத்தால் மெனிஸ்கஸ் கிழிந்த 146 பேரில் ஒரு பகுதியாருக்குக் கிழிசலை நறுக்கினார்கள். மற்றவர்களுக்கு நறுக்குவதுபோற் பாவனை செய்தார்கள். ஓராண்டு கழிந்து பார்க்க, இரு சாராருக்கும் குணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

வைத்தியருடைய கை என்ன செய்யும் என்று கேட்கலாம். முழங்காலைச் சிறிதே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னுக்கு இழுப்பது லாக்மன் சோதனை. இழுத்த கால் ஓரிடத்தில் உறுதியாக நில்லாமல் முன்வருமாயின், முன்புறச் சிலுவை லிகமெண்ட் அறுந்திருக்கலாமென்று தேர்ந்த கை உணரும். வீக்கம் எப்பொழுது வந்தது என்ற ஒரு கேள்வியும் பெரிய தடயம்: ஓரிரு மணியில் வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கும், மெனிஸ்கஸ் மாத்திரம் கிழிந்தால் பெரும்பாலும் மறுநாளே வீங்கும். முதல் நாள் நோவு மிகுதியால் சோதிக்க முடியாவிடில், சில தினங்கள் பொறுத்து மீண்டும் சோதிப்பதில் குறைவொன்றுமில்லை.

எம்.ஆர்.ஐ. கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. கால் நீட்ட முடியாமற் பூட்டிக்கொண்டவருக்கும், லிகமெண்ட் அறுந்து சஸ்திர சிகிச்சை வேண்டுமோவென்று ஆலோசிக்கப்படும் இளம் ஆட்டக்காரருக்கும் அது அவசியமே. மற்றவர்கள் பணம் கட்டுமுன், படத்தில் எது தெரிந்தாலும் தமக்குச் செய்யவிருக்கும் சிகிச்சை மாறுமா என்று வைத்தியரைக் கேட்டறிய வேண்டும். காலைத் தொட்டுப் பாராமலே படத்துக்குச் சீட்டெழுதும் வைத்தியரிடம், முதலில் காலைப் பார்க்கும்படி கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டுவதில்லை.